கூரைக்கு முன்னே உறுதி

எட்டியாந்தோட்டைக்கு அணித்தாயுள்ள தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் எமது கைக்கு வந்தது. அவர் 34 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கணவர் இரப்பர் மலையில் பால் வெட்டியவர், இப்பொழுது உயிரோடில்லை. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் ஒருங்கே கைக்கு வந்திருக்கின்றன. ‘இத்தனை பெரிய தொகையை என் வாழ்நாளில் இப்பொழுதுதான் காண்கிறேன், இனிக் காணப் போவதுமில்லை’ என்று எழுதியிருக்கிறார்.

பணம் வந்ததும் வீட்டில் இரண்டு யோசனைகள் எழுந்தன. மகன் சொல்லுகிறார்: ‘அம்மா, நம் காம்பராவின் பின்சுவரை இடித்து, சீமெந்துக் கல்லால் இரண்டு அறை எடுத்துவிடுவோம். பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை.’ மருமகன் சொல்லுகிறார்: ‘மாமி, லயத்தில் போடும் காசு ஆற்றிலே போடும் காசு. நாட்டுப்பக்கம் 10 பேர்ச்சஸ் விலைக்கு வருகிறது. பாதிப் பணம் கொடுத்தால் துண்டு எழுதித் தருகிறார்கள். உறுதியைப் பிறகு முடித்துக்கொள்ளலாம்.’ சகோதரி கேட்கிறார்: ‘ஐயா, இருவரும் என் நன்மைக்கே சொல்லுகிறார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. யார் சொல்லைக் கேட்பது?’

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. தெரணியகலை முதல் இறக்குவானை வரை, சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்களில் ஓய்வு பெறும் ஒவ்வொருவர் வீட்டிலும் எழும் கேள்வி இது. ஆதலின் விடையையும் எல்லார்க்குமாகவே எழுதுகிறோம். இரண்டு யோசனைகளிலும் நியாயம் உண்டு. இரண்டிலும் ஆபத்தும் உண்டு. ஒரு செங்கல்லுக்கேனும் காசு கொடுக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். நிலம் யாருடையது? கையிற் கிடைக்கும் தாள் எத்தகையது? மண் நிற்குமா?

முதலாவது, நிலம். நமது முன்னோர் கோப்பிக் காலத்திலேயே இம்மலைகளுக்கு வந்தனர். 1869-ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து, தேயிலையும் இரப்பரும் அவ்விடத்தைப் பிடித்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் முன்னே ஓர் இஸ்தோப்புமாக லயங்கள் எழுந்தன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாயின. 1992-இல் நிருவாகம் கம்பெனிகளிடம் மாறியபோதிலும் நிலத்தின் உடைமை அரசிடமே தங்கிற்று, கம்பெனிகள் குத்தகைக்காரர்களே. நிலச் சீர்திருத்தத்திற் சேராத சிறு தோட்டங்கள் தனியார் வசம் உள்ளன. எவ்வகைத் தோட்டமாயினும், லயத்திற் குடியிருப்பவர் பெயரில் உறுதி இல்லை என்பதே பொது நிலை.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைதல் வேண்டும். ‘பத்து வருடம் இருந்துவிட்டால் காணி நமக்கே’ என்று பலர் சொல்லக் கேட்கிறோம். ஆட்சியுரிமை பற்றிய அச்சட்டம் 1871-ஆம் ஆண்டினது. அது அரசாங்கக் காணிக்குச் செல்லாது. தனியார் காணியாயினும், உடையவர் அனுமதித்து அதன்மேல் ஒருவர் இருந்த காலம் அக்கணக்கிற் சேராது. தோட்டம் கொடுத்த காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் அஃது அனுமதியின்மேல் வாழ்ந்ததாகவே கொள்ளப்படும். மனத்துக்கு இது கசக்கும். ஆயினும் அறிந்திருத்தல் நலம்.

ஆகவே மகனின் யோசனையைப் பற்றிச் சொல்லுகிறோம். பேரப்பிள்ளைகள் படிக்க இடம் வேண்டும் என்பது மறுக்கவொண்ணாத தேவை. ஒழுகும் கூரையை மாற்றுங்கள். ஒரு மறைப்புச் சுவர் எழுப்புங்கள். அதற்கு முன் தோட்ட நிருவாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால், வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் அங்கே கொட்டாதீர்கள். உறுதியில்லாத மண்ணில் எழுப்பிய அறையை ஈடு வைத்து வங்கியிற் கடன் பெற முடியாது. முறைப்படி விற்கவும் முடியாது. லயத்துக் காம்பராக்கள் காசுக்குக் கைமாறும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அங்கே கைமாறுவது திறப்பு மட்டுமே, உரிமை அன்று.

7 பேர்ச்சஸ் திட்டத்தையும் சகோதரி மறந்துவிடலாகாது. 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. குடும்பத்துக்கு இவ்வளவு நிலம் வழங்கித் தனிவீடு கட்டுவது 2015-ஆம் ஆண்டின் பின்னர் அரசின் கொள்கையாயிற்று. இதற்கெனப் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை 2018-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. இந்திய அரசின் உதவியில் முதலிற் கட்டப்பட்ட 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே போயின. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளின் திட்டத்திலேதான் சப்பிரகமுவவுக்கும் பங்கு வந்தது. ஏனைய மாகாணத்தாரைப்போல் இங்கே நாம் நெருங்கி வாழவில்லை; சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறோம். அதனால் நமது பெயர் பட்டியலின் அடியிற் கிடப்பது எளிது. பட்டியலில் பெயர் உண்டா என்பதைத் தோட்டக் கந்தோரிலும் பிரதேச செயலகத்திலும் எழுத்து மூலம் கேளுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயர் ஒரே எழுத்தில் உள்ளதா என்று பாருங்கள். ‘லெட்சுமி’ ஒன்றிலும் ‘இலட்சுமி’ மற்றொன்றிலும் இருப்பின் இப்பொழுதே திருத்துங்கள்.

இரண்டாவது, தாள். கையிற் கிடைக்கும் கடிதங்கள் யாவும் உறுதி ஆகா. மேடையில் வைத்து வழங்கப்பட்டாலும், அமைச்சரின் படம் அதில் இருந்தாலும், நில அளவைப் பட இலக்கம், நான்கு எல்லைகள், காணிப் பதிவகத்துப் பதிவிலக்கம் ஆகிய மூன்றும் இல்லையேல் அது வாக்குறுதியே. கடன் அடைந்த பின்னும் உறுதி வந்து சேராத வீடுகள் மலையகத்தில் உண்டு.

இனி மருமகனின் யோசனைக்கு வருவோம். சொந்த நிலம் வாங்க வேண்டும் என்னும் அவரது எண்ணம் உயர்ந்தது. அவர் காட்டும் வழிதான் பிழை. 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையாயினும் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையாயினும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். வெறுந்தாளில் முத்திரை ஒட்டி எழுதிய துண்டைக் கொண்டு நீதிமன்றத்திற் காணியைக் கேட்க இயலாது. ஆதலின், துண்டுக்குப் பாதிப் பணம் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள்.

காணி வாங்கும்போது பார்க்கவேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம். விற்பவரின் உறுதியிலுள்ள பதிவிலக்கத்தைக் கொண்டு, இரத்தினபுரி அல்லது கேகாலைக் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுக்காலப் பதிவுகளைத் தேடச் செய்யுங்கள். ஈடு, வழக்கு, தடை யாதேனும் இருப்பின் அங்கே தெரியும். அத்தேடலை விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசிடம் விடாமல் நீங்களே அமர்த்திய ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள். அவர் தமிழ் அறிந்தவராயின் மிக நன்று. இன்றேல், சிங்களம் வாசிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் சென்று, கையெழுத்திடுமுன் உறுதியின் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பொருள் சொல்லச் செய்யுங்கள். வாசிக்கத் தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை.

கிராமத்துக் காணிகளிற் பல, 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கியவை. அனுமதிப்பத்திரத்தின் மேலுள்ள காணியை விற்கவே முடியாது. அளிப்புப் பத்திரமுள்ள காணியையும் பிரதேச செயலாளரின் முன்சம்மதமின்றி விற்கலாகாது. பழைய தோட்டமொன்றைத் துண்டுபோட்டு விற்கிறார்களாயின், பெருந்தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்தும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அமைந்ததா என்று விசாரியுங்கள். ‘பிரிபடாத பங்கு’ என்று உறுதியிற் கண்டால் அது பங்காளிகள் பலருக்கும் பொதுவான காணி. பாகப்பிரிவினை முடியும்வரை ஒதுங்கியிருங்கள். வீதியிலிருந்து காணிக்கு வரும் பாதை படத்திலும் உறுதியிலும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்று அயலார் அன்பாக விடும் பாதையை நாளை அவர் மகன் அடைத்துவிடக்கூடும்.

விலையோடு செலவு முடிவதில்லை. முத்திரைத் தீர்வையாக முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாயும், எஞ்சியதற்கு நூற்றுக்கு 4 ரூபாயும் செலுத்தவேண்டும். நொத்தாரிசின் கட்டணமும் அளவையாளரின் கட்டணமும் தனி. கைப்பணம் அனைத்தையும் விலைக்கே கொடுத்துவிட்டுப் பதிவுக்குப் பணமின்றி நிற்றல் ஆகாது. உறுதி எழுதியதும் தாமதமின்றிப் பதிவு செய்விக்கவேண்டும். பதியாத உறுதியைப் பின்னர் எழுதிப் பதிந்த உறுதி வென்றுவிடக்கூடும்.

மூன்றாவது, மண். 2016 மே 17-ஆம் தேதியைக் கேகாலை மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயத்து மக்களும் மண்ணுக்கு இரையாயினர். மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அவதியுற்றது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மீண்டும் அதே பாடத்தைச் சொல்லிச் சென்றது. மலிவான காணி பெரும்பாலும் சரிவிலோ ஓடைக் கரையிலோ கிடக்கும். மலிவின் காரணத்தை மழைக்காலத்திற் போய்ப் பார்த்தால் அறியலாம்.

இம்மாவட்டங்களில் வீடு கட்டுவதற்குப் பிரதேச சபை அனுமதி வழங்குமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கும். அவ்வறிக்கையைக் காணி வாங்கிய பின் அன்று, வாங்குமுன்னரே கேளுங்கள். வீடு கட்ட ஏற்ற நிலமன்று என்று அறிக்கை வருமாயின், விற்றவர் பணத்தைத் திருப்பித் தரமாட்டார். தரையில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனத் தோன்றிய ஊற்று, கலங்கி வரும் நீர் ஆகியவை சரிவின் அடையாளங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் விழிப்பும், 100-க்கு மேல் ஆயத்தமும், 150-க்கு மேல் வெளியேற்றமும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. தோட்டங்களில் மழை அளக்கும் வழக்கம் பழையது. அன்றன்றைய அளவை அறிந்துவைத்தல் குடும்பத்தலைவியின் கடமைகளுள் ஒன்றாகட்டும். இரத்தினபுரிப் பக்கத்தில் வாங்குவோர், அது முன்னே மாணிக்கக் குழி தோண்டிய நிலமா என்பதையும் ஊராரிடம் விசாரித்தல் வேண்டும். தூர்த்த குழியின்மேல் எழுப்பிய சுவர் காலப்போக்கில் இறங்கும்.

இறுதியாக, சகோதரிக்கு மட்டும் ஒரு வார்த்தை. பணம் உங்கள் விரல்கள் உழைத்தது. ஆகவே காணி எப்பொழுது வாங்கினாலும் உறுதியை உங்கள் பெயரில் எழுதுங்கள். பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு நன்கொடையாக எழுத நேரின், உங்கள் சீவிய உரித்தை நிறுத்திவைத்து எழுதச் சொல்லுங்கள். அதனால் மகனையோ மருமகனையோ சந்தேகிக்கிறோம் என்று எவரும் கொள்ளவேண்டாம். முதுமையில் தாய் தன் வீட்டில் இருக்கிறாள் என்னும் நிலையே பிள்ளைகளுக்கும் பெருமை.

இப்பொழுது செய்யவேண்டியது இது. கூரைக்கும் மறைப்புச் சுவருக்கும் வேண்டிய சிறு தொகையை மகனிடம் கொடுங்கள். எஞ்சியதை உங்கள் பெயரில் வங்கியில் நிலையான வைப்பிலிடுங்கள். மருமகனைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பி, அவர் சொன்ன 10 பேர்ச்சஸின் பதிவைத் தேடச் சொல்லுங்கள். பதிவு துப்புரவாக இருந்து, மண்ணும் நல்லதென்று அறிக்கை வந்தால், அக்காணியையே வாங்குங்கள். அல்லாவிடில் வேறு காணிக்குக் காத்திருங்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்களைப் பார்த்து இன்னும் காத்திருங்கள் என்று சொல்ல எமக்கும் மனம் கூசுகிறது. எனினும், அவசரத்தில் இழந்த பணத்துக்காகக் காத்திருப்பதிலும், நல்ல உறுதிக்காகச் சில மாதம் காத்திருப்பது மேல்.

சகோதரியின் கடித உறையின் பின்புறத்தில் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் மட்டுமே இருந்தன, வீட்டுக்கு இலக்கமில்லை. எமது மறுமொழியும் கந்தோருக்குப் போய், அங்கிருந்துதான் அவர் கைக்குச் சேரவேண்டும். அடுத்த கடிதத்தை அவர் தம் சொந்த வீட்டு இலக்கமிட்டு எழுதும் நாளை எதிர்பார்த்திருக்கிறோம்.