டீத்தூள் பாக்கெட்டில் ஒரு தவளை

பாசு என்றால் மூங்கில். திருப்பாச்சூர் என்ற ஊரின் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். மூங்கில் புதருக்குள் லிங்கம் கிடைத்த கதையைத்தான் வாசீஸ்வரர் கோயில் தலபுராணமும் சொல்கிறது. அந்த மூங்கில் காடு இன்று இல்லை. ஆனால் அந்த ஊரில் ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்கள் டீக்கடையில் நின்று குடிக்கும் டம்ளருக்குள் வேறொரு காடு இருக்கிறது.

மளிகைக் கடையில் சில டீத்தூள் பாக்கெட்டுகளில் பச்சைத் தவளைப் படம் போட்டிருக்கும். உரம், மருந்து போடாமல் விளைந்தது என்று அதற்குப் பொருள் கொள்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. 1987-இல் தொடங்கிய ரெயின்பாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் சான்று அது. ரசாயன உரத்துக்கு அதில் முழுத் தடை கிடையாது. கொடிய பூச்சிமருந்துகளுக்குத் தடை உண்டு. 2014-க்குப் பிறகு காட்டை அழித்து நட்ட தோட்டத்துக்குச் சான்று இல்லை. தொழிலாளர் கூலி, குடியிருப்பு, குடிநீர் ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

அந்த 2014 கெடு பழைய அழிவைத் தொடாது. வால்பாறையில் காட்டை வெட்டித் தேயிலை நட்டது 1890-களிலேயே ஆரம்பித்துவிட்டது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் உள்ளிட்ட காடுகள். தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய மழைக்காடு. அந்தத் துண்டுகளில் வாழும் சோலைமந்திக்கு வெடிபிலா மரம்தான் முக்கிய ஆகாரம். நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சில்வர் ஓக் அந்த மரத்துக்கு ஈடாகாது. அதேபோல், காபித் தோட்டத்தில் நாட்டு அத்தி நின்றால் இருவாச்சி தேடி வரும், பழம் தின்று விதையைத் தூவிப் போகும்.

இப்படி நாட்டு மரங்களை விட்டு நிழல் கூடினால் மகசூல் குறையலாம். பெரிய எஸ்டேட் அதைத் தாங்கிவிடும். நீலகிரியில் ஓரிரு ஏக்கரில் பச்சைத் தேயிலை பறித்து ஃபாக்டரிக்குப் போடுகிற சிறு விவசாயி எப்படித் தாங்குவார்? சான்றுக்குச் செலவு உண்டு, கணக்கு எழுத வேண்டும். பலர் குழுவாகச் சேர்ந்து வாங்க வழியிருக்கிறது. ஆனாலும் கிலோவுக்குச் சில ரூபாயாவது கூடுதலாக அவர் கைக்கு வந்தால்தான் தோட்டத்து மரம் கோடரிக்குத் தப்பும். அந்தக் கூடுதல் காசு அவரை எட்டுகிறதா? தவளையைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இழந்த காட்டை மீட்பது தனி வேலை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் வால்பாறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் செய்கிறார்கள். சாலையோரம் உதிர்ந்த விதைகளையும், மரநாய் எச்சத்தில் கிடக்கும் விதைகளையும் பொறுக்கி வந்து நாற்றங்காலில் முளைக்க வைக்கிறார்கள். தேயிலைக் கம்பெனிகள் ஒதுக்கிய நிலத்தில், மழை தொடங்கியதும் அந்தக் கன்றுகளை நடுகிறார்கள்.