பத்து சுத்து வெள்ளை டேப்

மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுற பல லட்சம் பேர்ல நானும் ஒருத்தன். அதனால "உனக்கென்னய்யா தெரியும்"னு ஆரம்பிக்கிறவங்க தாராளமா ஆரம்பிக்கலாம். ஆனா இந்த டெஃப்லான் டேப்பை இன்னிக்குத் திட்டாம விடறதா இல்ல.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பாவோட டிராக்டர் டிப்பர்ல, ஜாக்கிக்குப் போற ஹைட்ராலிக் ஹோஸ் முனையில ஆயில் கசிஞ்சுது. மெக்கானிக் அண்ணன் வந்தாரு. நட்டைக் கழட்டி, மரை மேல வெள்ளை டேப்பைப் பத்து சுத்து சுத்தி, ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி இறுக்கினாரு. அஞ்சு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் நட்டோட பின்பக்கமா ஒழுகுது. "இன்னும் ரெண்டு சுத்து போட்டிருக்கணும் தம்பி"ங்கறாரு!

அண்ணே, அந்த இடத்துல ஆயிலை நிறுத்துறது மரையே இல்ல. அது பி.எஸ்.பி. நேர் மரை. ரெண்டு முனையையும் இழுத்துப் பிடிக்கிறதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. நிறுத்துறது உள்ள இருக்குற 60 டிகிரி கோன், இரும்போட இரும்பு உக்கார்ற இடம். அங்க ஒரு கீறலோ மண்ணோ இருந்தா, ஆயில் அதைத் தாண்டி, சுழல்ற நட்டுக்கும் ஹோஸ் முனைக்கும் நடுவுல பூந்து பின்னாடி வந்துடும். மரையில டேப் சுத்தினா என்ன, சணல் சுத்தினா என்ன?

"இத்தனை வருஷமா சுத்தறோம், நிக்குதே?"ம்பாங்க. நின்னது டேப்பால இல்ல, கழட்டித் துடைச்சு மறுபடி இறுக்கினதால. நம்ம ஆளுங்க கோட்ல எர்ரர் வந்தா காலி கேட்ச் பிளாக் போட்டு மூடுவாங்களே, அதே கதைதான்.

வீட்டுக் குழாய்ல சரியா வருதுன்னா, 10 மீட்டர் உயரத் தொட்டி தர்ற அழுத்தமே வெறும் 1 பார். டிராக்டர் ஹைட்ராலிக்ல 150 பாரும் அதுக்கு மேலயும் போகும். அதுல பிஞ்ச டேப் துணுக்கு ஆயிலோட போய் வால்வுல மாட்டினா, தூக்கின டிப்பர் என்ன பண்ணும்னு சொல்ல முடியாது.

கூம்பு மரைக்கு, அதாவது என்.பி.டி., பி.எஸ்.பி.டி.க்கு, மரையே அடைக்கணும்ங்கறதால ஏதாவது பூசித்தான் ஆகணும். அங்கயும் டேப்பை விட திரவ சீலன்ட் மேல். டேப்தான்னா முனையில ஒண்ணு ரெண்டு மரையை விட்டுட்டு சுத்துங்க. பம்ப் போர்ட் நேர் மரையா இருந்தா ரப்பர் ஒட்டின டௌட்டி வாஷர். இன்னொரு கூத்து: அரை இஞ்ச்லயும் முக்கால் இஞ்ச்லயும் என்.பி.டி., பி.எஸ்.பி. ரெண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை. ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறிடும். ஆனா மரைக் கோணம் ஒண்ணு 60, இன்னொண்ணு 55. ஒழுகாம என்ன செய்யும்?

எனக்குக் கோவம் வந்தது இதுக்கெல்லாம் இல்ல. எஞ்சின் ஓடும்போதே அண்ணன் லீக் எங்கேன்னு விரலால தடவிப் பாக்குறாரு! கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். ஊசித்துளை வழியா பீச்சுற ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட பெருசா இருக்காது. சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா விரல் போகலாம், கையே போகலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கய்யா, அட்டை போனா போகட்டும்!

எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிட்டுக் கழட்டினா, கோன்ல நகத்துல தட்டுப்படுற அளவுக்குக் கீறல். டவுன்ல புது முனை அடிச்சு வாங்கிட்டு வந்து, ஹோஸ் முறுக்கிக்காம ரெண்டு ஸ்பேனர் போட்டு, பைப் இல்லாம இறுக்கினோம். ஒரு சொட்டு இல்ல.

அண்ணன் மிச்ச டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் எங்க வீட்டுக் குழாயை சரி பண்ணிக் குடுத்தாரு. அது இப்ப வரைக்கும் ஒழுகலை :-)