குஞ்சு காக்கும் தோமான்

ஈப்போவிலிருந்து வடக்கே கிரிக்கைக் கடந்தால் தெமெங்கோர் ஏரி. 1970களில் பேராக் ஆற்றை மறித்து அணை எழுப்பியதால் உருவானது. பூர்வகுடியினர் வாழ்ந்த நிலமும் அதனுள் மூழ்கியிருக்கிறது. ஓசையின்றித் துடுப்புப் போட்டுச் செல்வோர், பட்ட மரங்களிடையே தோமான் குஞ்சுகளைக் காணலாம். தோமான் நம் விராலுக்குப் பெரிய உறவு. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மேலெழுந்து மூச்சு வாங்கும். பெற்ற மீன்கள் அடியில் காவல் நிற்கும். அங்குத் தூண்டில் வீசினால், பசியால் அன்று, காவலுக்காகவே பாய்ந்து சிக்கும். அதனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக் கொள்கின்றனர் சிலர். இது என்ன வீரமோ! காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். தோட்டத்துக் குட்டைகளில் விரால் பிடித்து வளர்ந்த நம் பெரியோர் இதனை அறியாதவரா? பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள், நண்பர்களே. செந்நிறம் தெரியும் இடத்தில் மட்டும் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.