எட்டடி விரியன் - பெயரிலேயே இரண்டு பொய்!

கட்டுவிரியனுக்கு எட்டடி விரியன் என்று இன்னொரு பெயர் உண்டு. கடிபட்டவர் எட்டு அடி எடுத்து வைப்பதற்குள் விழுந்து செத்துவிடுவாராம்! கேட்கும்போதே கை கால் உதறுகிறது அல்லவா? ஆனால் இந்தப் பாம்பைப் பற்றி உலவும் கதைகளிலேயே ஆளைக் கொல்லக்கூடிய கதை இதுதான். ஒன்பதாவது அடியையும் வைத்துவிட்டவர், "அப்பாடா, இது எறும்போ பூரானோ" என்று மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்கிறாரே, அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

பெயரில் இருக்கும் 'விரியன்' என்பதும் சரியில்லை. கட்டுவிரியன் நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாய் வீங்கும், வலி உயிரைப் பிடுங்கும், ரத்தம் உறையாமல் போகும். கட்டுவிரியன் கடியில் இவற்றில் ஒன்றுமே இருக்காது. பற்கள் அவ்வளவு சிறியவை. கொசு கடித்தது போலத்தான் இருக்கும், பல நேரங்களில் பல் பட்ட தடம்கூடத் தெரியாது.

இது இரவில் இரை தேடும் பாம்பு. எலி, பல்லி, தவளை, ஏன், மற்ற பாம்புகளையும் தின்னும். எலியைத் தேடி வீட்டுக்குள் வரும்போது தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டால் கடித்துவிடுகிறது. பகலில் தலையை உடலுக்கடியில் மறைத்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். அதைப் பார்த்து "சாதுவான பாம்பு" என்று குச்சியால் நோண்டுபவர்களும் இருக்கிறார்கள். தேவையா இது?

விடியற்காலையில் வயிற்றைப் பிசையும் வலி. வீட்டில் என்ன நினைப்பார்கள்? ராத்திரி தின்ற பரோட்டா! ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில்கூட விழுங்க முடியாது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை விஷம் நிறுத்திக்கொண்டே வருகிறது. கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுபோகும். மழைக்காலத்தில், தரையில் படுத்தவருக்குக் காலையில் வயிற்றுவலியோடு இமையும் தொங்கினால், கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? விஷமுறிவு மருந்து உடலில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே சேதமான நரம்பு முனைகளை அதனால் சரிசெய்ய முடியாது. அவை தாமாக வளர நாட்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும். இந்த நிலையில் கை கால் அசையாது, கண் பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்காது. பார்ப்பவர்கள் "மூளை செத்துவிட்டது" என்றே நினைப்பார்கள். ஆனால் பலருக்கு நினைவு இருக்கும், பக்கத்தில் பேசுவது காதில் விழும்! இப்படிக் கிடந்து முழுசாகக் குணமாகி வீட்டுக்கு நடந்து போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எத்தனையோ பதிவுகள் இருக்கின்றன. கட்டிலைச் சுற்றி நின்று ஒப்பாரி வைக்கும் உறவினர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊரில் நடக்கும் சோதனைகள் வேறு! வேப்பிலை கசக்கிறதா, மிளகாய் காரமாக இருக்கிறதா என்று கேட்பார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லையாம். கட்டுவிரியன் விஷம் நாக்கின் சுவையையா எடுக்கிறது? வேப்பிலை கசந்துகொண்டே இருக்கும், இமை தொங்கிக்கொண்டே வரும். விஷக்கல் வைத்துப் பிழைத்தவர் இருக்கிறாரே என்று கேட்கலாம். அவரைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கும், அல்லது விஷப் பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். கட்டுவிரியனைப் போலவே பட்டை போட்ட ஓநாய்ப் பாம்புக்கு விஷமே கிடையாது. அதற்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாக இருந்து வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் மங்கலாகவும் பின்னால் தெளிவாகவும் இருக்கும். பெருமை மட்டும் விஷக்கல்லுக்கு!

பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போவதும் வேண்டாம். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரிப்பதுதான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தினர். 2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோதுதான் பலர் இவர்களைப் பற்றியே கேள்விப்பட்டார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து மக்கள். கட்டில் இல்லாத வீட்டில்கூட ஒரு கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வருவது கடினம். சந்தேகம் வந்துவிட்டால் பிளேடும் வேண்டாம், இறுக்கிக் கட்டும் கயிறும் வேண்டாம். ஆளை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு ஏற்றிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் "ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் 24 மணி நேரம் இருங்கள்" என்று சொன்னால், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று பாதியில் கிளம்பி வந்துவிடாதீர்கள்.