ஷெல் காட்டும் பாதையை நம்பலாமா?

ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாவிட்டால் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் ஒரு வேலை செய்வார்கள். படங்கள் இருக்கும் டைரக்டரியை இரண்டாவது டிஸ்க்கிற்கு மாற்றிவிட்டு, ஹோம் டைரக்டரியில் அதற்கு ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டு வைப்பார்கள். நல்ல வழிதான். இப்போது டெர்மினலைத் திறந்து, 'சிடி' கொடுத்து அந்த லிங்க்கிற்குள் போய், 'பிடபிள்யூடி' என டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஹோம் டைரக்டரிக்குள் இருப்பதாகவே பாஷ் ஷெல் சொல்லும். உண்மையில் நீங்கள் இருப்பது இரண்டாவது டிஸ்க்கில்!

இதனால் என்ன கெட்டுவிட்டது என்கிறீர்களா? அங்கிருந்து 'சிடி ..' கொடுத்தால் ஹோமிற்குத் திரும்புவீர்கள். அதே இடத்தில் 'எல்எஸ் ..' கொடுத்தால் இரண்டாவது டிஸ்க்கில் உள்ளவை பட்டியலாகும். 'சிடி' ஷெல்லின் சொந்தக் கமாண்ட். வந்த வழியை நினைவில் வைத்திருக்கும். 'எல்எஸ்', 'சிபி', 'ஆர்எம்' எல்லாம் கெர்னலிடம் போகின்றன. கெர்னலுக்கு உண்மையான பாதை மட்டுமே தெரியும். ஹோமில் இருக்கும் வேண்டாத டைரக்டரி என நினைத்து 'ஆர்எம் -ஆர் ../பழையது' கொடுத்தால், அதே பெயரில் இரண்டாவது டிஸ்க்கில் வைத்திருந்த பேக்கப் போய்விடும். இங்கே ரீசைக்கிள் பின் கிடையாது.

வந்த வழியே திரும்புவது வசதி என்பார்கள். போசிக்ஸ் தரமும் அதையே டிஃபால்ட்டாக வைத்திருக்கிறது. வசதிதான், ஆனால் ஒரே இரண்டு புள்ளிக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ராப் பைக் 2000-ல் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். அவர் பங்கேற்று உருவான பிளான் 9 சிஸ்டத்தில் இந்தக் குழப்பம் இல்லை. (அங்கே சிம்பாலிக் லிங்க்கே இல்லை என்பது வேறு விஷயம்!)

வீட்டில் பயன்படுத்துபவர்கள் பாஷின் செட்டிங்ஸ் ஃபைலில் 'செட் -ஓ பிசிக்கல்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. பிறகு 'சிடி', 'பிடபிள்யூடி' இரண்டுமே உண்மையான பாதையைத்தான் பார்க்கும்.

ஒரு ஃபைலின் நிஜப் பாதை வேண்டுமா? 'ரியல்பாத்' போதும். வெறும் 'ரீட்லிங்க்' ஒரு படி மட்டுமே போகும். லிங்க் இன்னொரு லிங்க்கைக் காட்டினால் அங்கேயே நின்றுவிடும். 1983-ல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்த வசதி இது. அதன் பாதையைக் கண்டுபிடிக்கும் 'ரியல்பாத்' கமாண்ட் போசிக்ஸ் தரத்தில் இடம் பிடித்ததோ 2024-ல்! எதையும் அழிக்கும் ஸ்கிரிப்ட்டில் இதை முதல் வரியாகப் போடுங்கள்.