அடியெடுத்து வைக்க முன்

கணினி விளையாட்டு என்றால் நேரத்தை வீணாக்கும், கண்ணைக் கெடுக்கும், பிள்ளைகளுக்குச் சுடப் பழக்கும். எங்கள் வீடுகளில் பொதுவாக நிலவும் கருத்து இதுதான். இதில் உண்மையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒரு விளையாட்டிலிருந்து நான் விளங்கிக்கொண்ட ஒரு விடயத்தைச் சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைக் கண்டுபிடிக்கத் துணிச்சல் மட்டும் போதாது. அதற்கு ஒரு முறை தேவை. அந்த முறை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற அறிவும் தேவை.

அந்த விளையாட்டின் பெயர் 'ஸ்டோக்கர்: ஷெடோ ஒஃப் செர்னோபில்'. உக்ரேனின் கியேவ் நகரிலுள்ள நிறுவனமொன்று உருவாக்கி 2007இல் வெளிவந்தது. சாதாரண தர பரீட்சை முடிந்த விடுமுறையில் நானாவின் மடிக்கணினியில் அதை விளையாடப் பழகினேன். செர்னோபில் அணு உலையைச் சுற்றி மக்கள் வெளியேற்றப்பட்ட பிரதேசமே கதைக்களம். அங்கே 'அனோமலி' எனப்படும் பொறிகள் நிறைந்திருக்கின்றன. பார்வைக்கு வெறும் புல்வெளிதான். கால் வைத்தால் ஒன்று தூக்கி எறியும், இன்னொன்று எரித்துவிடும்.

இவற்றைக் கண்டறிய விளையாடுபவருக்குச் சில வழிகள் உண்டு. முதலாவது, நின்று பார்ப்பது. காற்றே இல்லாத இடத்தில் இலைகள் சுழல்கின்றனவா? வெயில் நேரத் தார் வீதியைப்போல ஓரிடத்தில் மட்டும் காற்று நெளிகிறதா? இரண்டாவது, காது கொடுப்பது. பொறியை நெருங்க நெருங்க எச்சரிக்கைக் கருவியின் ஒலி விரைவாகும். மூன்றாவதுதான் இந்த விளையாட்டின் புகழ்பெற்ற வழி: பையிலிருந்து ஒரு போல்ட் ஆணியை எடுத்து முன்னால் எறிவது. பொறி இருந்தால் ஆணி பட்டதும் அது வெளிப்பட்டுவிடும். இல்லாவிட்டால் ஆணி சும்மா விழும். அது விழுந்த இடம்வரை நடந்து, அடுத்த ஆணியை எறிய வேண்டும். ஆணிகள் தீர்வதே இல்லை. தீர்ந்துபோவது விளையாடுபவரின் பொறுமைதான். அவசரப்பட்டு ஓடுபவர் பெரும்பாலும் பத்தடி தாண்டமாட்டார்.

இந்த யோசனை விளையாட்டை உருவாக்கியவர்களுடையது அல்ல. ரஷ்ய எழுத்தாளர்களான ஸ்ட்ருகட்ஸ்கி சகோதரர்கள் 1972இல் வெளியிட்ட ஒரு நாவலிலேயே, ஆபத்தான பிரதேசத்துக்குள் போகிறவர்கள் நட்டுகளை எறிந்து வழி பார்க்கிறார்கள். செர்னோபில் விபத்து நடந்தது அதற்குப் பதினான்கு வருடங்களின் பின்னர்.

போல்ட் ஆணியால் கண்டுபிடிக்க முடியாத ஆபத்து ஒன்றும் இந்த விளையாட்டில் இருக்கிறது. அதுதான் கதிர்வீச்சு. ஆணி அமைதியாகத் தரையில் விழும். பாதை பாதுகாப்பானதுபோலத் தோன்றும். கைகர் கருவி சடசடவென்று ஒலிக்கும்போதுதான் விடயம் புரியும். ஒரு கருவி ஒரு வகை ஆபத்தைத்தான் காட்டும். மற்றதைப் பற்றி அது பேசாமல் இருப்பதற்கு 'ஆபத்தில்லை' என்று பொருளல்ல.

இதற்கு உண்மையான செர்னோபிலே பெரிய சாட்சி. 1986 ஏப்ரல் 26ஆம் திகதி அதிகாலை உலை வெடித்தபோது, அங்கே கைக்கெட்டிய அளவீட்டுக் கருவிகள் பெரும்பாலும் மணித்தியாலத்துக்கு 3.6 ரொன்ட்ஜென் வரை மட்டுமே காட்டக்கூடியவை. முள் அந்த எல்லையைத் தொட்டு நின்றது. சில இடங்களில் உண்மை அளவு ஆயிரக்கணக்கில் இருந்தது. ஆனாலும் கருவியின் எல்லையையே உண்மை அளவாக மேலிடத்துக்கு அறிவித்தார்கள். மூன்று கிலோமீற்றர் அளவு தூரத்தில் இருந்த பிரிப்பியட் நகரத்தின் ஏறத்தாழ 49,000 மக்கள் மறுநாள் பிற்பகல்தான் வெளியேற்றப்பட்டனர். ஏப்ரல் 28ஆம் திகதி, ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் சுவீடனிலுள்ள ஓர் அணுமின் நிலையத்தில், ஊழியர் ஒருவரின் சப்பாத்து எச்சரிக்கைக் கருவியை ஒலிக்கச் செய்தது. 'எங்களுடைய நிலையத்தில் கசிவு இல்லையே, அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?' என்று அவர்கள் தேடியதால்தான் உலகுக்கு உண்மை தெரிந்தது. முதல் இடத்தில் கருவியின் எல்லையை யோசிக்கவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு சிறிய ஒலியைக்கூட அலட்சியம் செய்யவில்லை.

விளையாட்டு சொல்வதெல்லாம் சரி என்றும் எண்ணிவிடக் கூடாது. அதில் வொட்கா குடித்தால் உடலிலுள்ள கதிர்வீச்சு குறைகிறது. அது ஹராம் என்பது ஒருபுறமிருக்க, விஞ்ஞானப்படியும் பொய்.

அதைவிட முக்கியமான ஒரு வேறுபாட்டை எங்கள் நாட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். எங்கள் உம்மும்மா 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர். இப்போது விடுமுறைகளில் அவருடைய காணியைப் பார்க்கப் போய்வருகிறோம். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைக் கண்டிருப்பார்கள். நானா விளையாடும்போது எட்டிப் பார்க்கும் என் தம்பிக்குப் பத்து வயது. சந்தேகமான ஒரு பொருளைக் கண்டால் கல்லெறிந்து பார்க்கலாம் என்று அவன் நினைத்தால் என்ன நடக்கும்? விளையாட்டில் உயிரைக் காப்பாற்றும் அதே செயல் இங்கே உயிரைப் பறிக்கும். மிதிவெடி இருக்கக்கூடிய இடத்தில் சட்டம் வேறு. நில். தொடாதே. எதையும் எறியாதே. மற்றவர்களை எச்சரித்து உதவி கேள். பெரியவர்கள் மூலம் பொலிஸுக்கு அறிவி. இதை அவனுக்குப் பல தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த நிலத்தைச் சோதிப்பவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதையும் நாம் அறிய வேண்டும். பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் அணிந்து, முழங்காலில் இருந்து, உலோகம் காட்டும் கருவியாலும் கைக்கருவிகளாலும் அங்குலம் அங்குலமாக மண்ணைப் பார்க்கிறார்கள். பல மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு என்பதால் கருவியை மட்டும் நம்பமாட்டார்கள். பார்த்து முடித்த இடத்தை அடையாளமிட்ட பின்பே அடுத்த துண்டுக்குப் போவார்கள். இந்த வேலையில் எங்கள் நாட்டுப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். விளையாட்டில் தவறினால் மீண்டும் தொடங்கலாம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

பெற்றோருக்கு என் பணிவான வேண்டுகோள் இதுதான். இந்த விளையாட்டு சிறுவர்களுக்கு உரியதல்ல. இதில் துப்பாக்கியும் இரத்தமும் உண்டு. வயதுக் கட்டுப்பாட்டைப் பாருங்கள், நேரத்தை அளந்து கொடுங்கள். ஆனால் வளர்ந்த பிள்ளை விளையாடினால் 'இன்னும் முடியவில்லையா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அங்கே ஆபத்து இருப்பது உனக்கு எப்படித் தெரிந்தது?' என்றும் கேளுங்கள். 'வெளியிலும் அப்படிச் செய்யலாமா?' என்று தொடர்ந்து கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை விடை தேடும்போதுதான் விளையாட்டு படிப்பாக மாறுகிறது.

சகோதரிகளே, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும் பாடத்தைச் சிறு வயதிலேயே படித்தவர்கள் நாங்கள். தெரியாத நிலத்தில் கால் வைக்க முன் நின்று பார்ப்பதும், கையிலுள்ள கருவியின் எல்லையை அறிவதும், சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் உதவி கேட்பதும் அந்தக் கட்டுதலைச் சேர்ந்தவைதான். அதைப் பயந்த சுபாவம் என்று யாரும் சொன்னால் சொல்லட்டும்.