இழப்பிலும் பங்கு

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைக் கடந்தது. தமிழக அரசு நியாயவிலைக் கடைகளில் அதனை 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. செப்டம்பரில் அதே தக்காளி பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கட்டாமற்போகவே, நாட்டின் பல பகுதிகளில் உழவர்கள் அதைச் சாலையோரம் கொட்டினர். ஜூலையில் எழுந்த கூக்குரல் செப்டம்பரில் எழவில்லை. ஒரு பயிரின் நலந்தீங்கு முழுவதையும் பயிரிட்டவர் தலையிலேயே சுமத்திவிட்டு, உண்பவர் விலையை மட்டும் கேட்டறிந்து நகரும் இம்முறையை நாம் இயல்பென்றே எண்ணிப் பழகிவிட்டோம்.

அவ்வாறு எண்ண மறுத்தவர்கள் உண்டு. ஜப்பானில் 1956இல் மினமாட்டா நோய் வெளிப்பட்டது. ஆலைக்கழிவின் பாதரசம் மீனில் ஏறி, மீன்வழி மாந்தரின் நரம்பைச் சிதைத்தது. வயல்களிலும் பூச்சிக்கொல்லி பெருகிவந்த காலம் அது. கடையில் அழகுற அடுக்கிவைத்த உணவை நம்பலாமா என்னும் ஐயம் இல்லத்தரசியரிடம் வேரூன்றியது. 1971இல், கூட்டுறவு இயக்கத்தில் பழுத்த அனுபவமுடைய தெருவோ இச்சிராக்கு அந்நாட்டின் இயற்கை வேளாண்மைக் கழகத்தை நிறுவினார். உழவரும் உண்பவரும் இடையில் எவருமின்றி நேரே உடன்பாடு செய்துகொள்ளும் 'தெய்க்கெய்' முறை அதனூடே பரவிற்று. 1978இல் அக்கழகம் வகுத்த பத்து நெறிகளுள் ஒன்று கடுமையானது: உழவர் அனுப்பும் விளைவு அனைத்தையும் உண்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். முள்ளங்கி மிகுந்த வாரத்தில் முள்ளங்கியே உணவு. அவ்வீட்டுப் பிள்ளைகள் என்ன சொல்லியிருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இக்கருத்து ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் பட்டறிவைக் கொண்டு 1986இல் கால்கொண்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இந்தியன் லைன் பண்ணையும் நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் அவ்வாண்டு தொடங்கின. முன்னதற்கு உரியவரான இராபின் வான் என், 1997இல் மறையும்வரை இம்முறையைப் பரப்புவதையே பணியாகக் கொண்டிருந்தார். கணக்கு எளிது. பண்ணை ஓராண்டு நடக்க வேண்டிய விதை, கூலி, கருவி, உழவரின் வாழ்க்கைச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பங்குகளாக வகுப்பர். விதைக்கும் முன்னரே உறுப்பினர் பங்குத்தொகையைக் கட்டிவிடுவர். பின்னர் வாரந்தோறும் விளைவில் தம் பங்கைப் பெறுவர். டெம்பிள்-வில்டனில் பங்குக்கு விலையும் இல்லை. செலவுத்திட்டத்தைக் கூட்டத்தில் விரித்துவைக்க, அவரவர் தம்மால் இயன்ற தொகையை உறுதி கூறுவர். நல்லாண்டில் கூடை நிறையும். ஆலங்கட்டியோ பூச்சியோ வந்தால் கூடை குறையும். கட்டிய பணம் திரும்பாது. இந்த ஒரு விதியே இம்முறையைக் கடையினின்றும் பிரித்து நிறுத்துகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, அலபாமாவின் டஸ்கீகியில் பேராசிரியராயிருந்த புக்கர் வாட்லி, கறுப்பினச் சிறு உழவர்கள் வாடிக்கையாளரைச் சங்கமாகத் திரட்டி முன்பணம் பெறும் வழியைப் போதித்துவந்தார். இவ்வியக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் அவரை மறந்துவிடுவது நேர்மையன்று.

அந்நாட்டு வடகிழக்கில் ஜூன் மாதக் கூடையில் கீரையும் சிறு முள்ளங்கியும் வரும். தக்காளிக்கு ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். அக்டோபரில் பூசணியும் முட்டைக்கோசும். காத்திருத்தலை ஒரு நோன்பாகப் புகழ்வோர் உளர். நாம் அவ்வாறு புகழவில்லை. அது உழவியலின் தேவை. நஞ்சின்றி விளைவிக்க விரும்புவோர் பருவத்தை விட்டு விலக இயலாது. நம் தக்காளியையே பார்க்கலாம். கோடை வெப்பம் ஏறினால் அதன் பூ உதிர்கிறது. வெள்ளை ஈ பெருகி இலைச்சுருட்டை நச்சுயிரியைச் செடிதோறும் கொண்டுசெல்கிறது. அக்காலத்திலும் தக்காளி வேண்டும் என்று நகரம் கேட்கும்போது தெளிப்பான் உழவர் முதுகில் ஏறுகிறது. கத்தரியின் செய்தி இன்னும் கொடிது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு காய்க்குள் புகுந்துவிட்டால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டாது. ஆதலால் புகுமுன் கொல்ல வேண்டுமென்று சில நாளுக்கொருமுறை மருந்தடிக்கின்றனர். துளைவிழுந்த கத்தரியைப் பொறுக்கி ஒதுக்கும் வாங்குவோரின் விரலே அத்தெளிப்புக்கு ஆணையிடுகிறது.

நாட்டு அவரையோ எவர் ஆணைக்கும் அடங்குவதில்லை. ஆடியில் ஊன்றிய கொடி பந்தலேறி இலைவிட்டுத் தழைத்தாலும், பகற்பொழுது சுருங்கும்வரை பூப்பதில்லை. மார்கழியிலும் தையிலும் பந்தல் கொள்ளாமல் காய்க்கும். பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத செடியவரை வகைகளை வேளாண் அறிஞர் உருவாக்கியதால் இன்று ஆண்டு முழுதும் அவரை கிடைக்கிறது, அது நற்பணியே. எனினும் பொங்கலன்று கூட்டில் சேரும் அவரையும் மொச்சையும் சேனையும், நெல்லைச் சீமையின் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் அந்தந்தப் பட்டத்தில் மண் தந்தவை. எவரும் பட்டியலிட்டு வரவழைத்தவை அல்ல. பருவம் பார்த்து உண்ணும் நாட்டில் இம்முறையை அயலாரிடம் கற்க வேண்டியதில்லை எனச் சிலர் கூறக்கூடும். பருவம் நம்மிடம் உண்டு என்பது மெய். பருவத்தின் இழப்பில் பங்கேற்கும் உண்போர்தாம் நம்மிடம் இல்லை.

முன்பணம் நம் உழவர்க்குப் புதிதன்று. விதைக்கும் உரத்துக்கும் கையில் காசில்லாத நாளில் காய்கறி மண்டிக்காரர் அதைத் தருகிறார். கைம்மாறாக விளைச்சல் அவர் மண்டிக்கே வரவேண்டும். ஏலத்தில் நின்ற விலையே விலை. தரகும் அதிலேயே கழியும். பயிர் பொய்த்தால் கடன் அடுத்த பட்டத்துக்கு ஏறும். அதற்காக மண்டிக்காரரைப் பழிப்பதிற் பயனில்லை. குத்தகை நிலத்தில் உழுவோருக்கு வங்கிக் கதவு எளிதில் திறப்பதில்லை. அவ்வேளையில் பணத்தோடு வந்து நிற்பவர் அவர் ஒருவரே. அந்த இடத்தில், அந்த நாளில், உண்பவர் வந்து நிற்க வேண்டும். இம்முறையின் சாரம் இதுவே. நஞ்சற்ற காயும் நாட்டு விதையும் மண்வளமும் அதன்பின் வருபவை. தன் அடுத்த வேளைச் சோற்றுக்கு உறுதியில்லாத ஒருவரிடம், பூச்சி வந்தாலும் மருந்தடிக்காதே என்று அறிவுரை கூற எவர்க்கும் உரிமையில்லை.

ஜப்பானில் இம்முறை தளர்ந்ததையும் கூறியாக வேண்டும். அங்கே வந்திறங்கிய காய்களைப் பிரித்து, பங்கிட்டு, கணக்கெழுதிக் குழுக்களைத் தாங்கியவர் ஊதியமின்றி உழைத்த இல்லத்தரசியர். அவர்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கியதும், அரசுச் சான்று முத்திரையோடு இயற்கைக் காய்கள் கடைக்கே வந்துவிட்டதும் பல குழுக்களை மெலிவித்தன. ஆணின் வயலுக்கு விலை வகுத்து, பெண்ணின் உழைப்புக்கு வகுக்காத கணக்கு நெடுநாள் நிற்காது. நம் நகரங்களிலோ வேறு கோணல் தோன்றியிருக்கிறது. மாதச் சந்தா கட்டி, கைப்பேசியில் வேண்டிய காயைத் தெரிவுசெய்து, வாடியதைத் திருப்பியனுப்பும் ஏற்பாடுகள் உழவரோடு கூட்டு என்னும் பெயரில் உலவுகின்றன. இழப்பு அங்கே இன்னும் உழவருக்கே. அவற்றை நல்ல கடைகள் எனலாம், கூட்டு எனலாகாது.

1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இடைத்தரகை நீக்கிய பெருஞ்செயல். ஆனால் அதன் உதவி அறுவடைக்குப் பின்னரே தொடங்குகிறது. விதைப்பு நாளின் வெறுங்கை அப்படியே இருக்கிறது. 2023இல் வெளியான தமிழ்நாட்டு உயிர்ம வேளாண்மைக் கொள்கையைச் செயற்படுத்துவோரும் இந்த வெறுங்கையை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆறு மாதக் காய்க்கு முன்கூட்டியே பணங்கட்ட நாட்கூலிக் குடும்பத்தால் இயலுமா எனில், இயலாது. மேலைநாடுகளிலும் இம்முறை வசதியுள்ளோர் வட்டத்தைத் தாண்டப் பெரிதும் இடர்ப்படுகிறது. அவ்வட்டத்தை உடைக்க வல்ல உண்பவர் நம்மிடம் ஒருவர் உண்டு. அவர் அரசே. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளி நாள்தோறும் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைக்கின்றன. பிரேசில் 2009இல் இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்கு நடுவணரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவரிடம் வாங்கச் செலவிட வேண்டுமென விதித்தது. நாம் அதனினும் ஓர் அடி முன்வைக்கலாம். ஓர் ஒன்றியத்தின் சத்துணவு மையங்கள் சுற்றுப்புறச் சிறு உழவர் குழுவோடு ஆண்டு உடன்பாடு செய்துகொண்டு, பங்குத்தொகையின் ஒரு பகுதியை ஆடிப்பட்டத்துக்கு முன்னும் மறுபகுதியைத் தைப்பட்டத்துக்கு முன்னும் தரட்டும். நாளுக்கு இவ்வளவு காய் என்று அரசாணை கூறினாற் போதும். எந்தக் காய் என்பதை அவ்வட்டாரத்துப் பருவத்துக்கு விட்டுவிடலாம். பயிர் பொய்த்த வாரத்தில் வெளிச்சந்தையில் வாங்கும் செலவை அரசு ஏற்க வேண்டும்; உழவரிடம் அதைத் திரும்பக் கேட்கலாகாது. தணிக்கையர் அதனை இழப்பென்று குறித்து எழுதுவர். அக்குறிப்புக்கு அஞ்சாமல் விடையெழுதும் அதிகாரி முதலில் வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஓராண்டு நடத்திப் பார்ப்பதற்கு, 2021 முதல் தனியே வெளியிடப்பட்டுவரும் வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஒரு பத்தி இடம் போதும்.